உப்புக்காற்றில் நாலு–இருபது

கட்டுமாவடிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது மீனுக்காக. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்கும் இடத்து ஊர். மீன் மார்க்கெட்டுக்குப் பேர்போனது. இந்தக் கட்டுரைக்கு அந்த மார்க்கெட் வேண்டாம். அங்கிருந்து மணமேல்குடிப் பக்கமாகத் தெற்கே இறங்கும் கரையோரத்து இறால் குட்டைகள் போதும். குட்டைத் தண்ணீரிலிருந்து கரைமேல் இருக்கும் மோட்டார் ரூமுக்கு ஒரே ஒரு எண் வந்துசேர வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு என்பதே அந்த எண். பண்ணைக்காரர்கள் டிஓ என்று சுருக்கிச் சொல்வார்கள். அதை வோல்டேஜாக அனுப்புவதா, கரண்டாக அனுப்புவதா என்பதுதான் வழக்கு.

அந்த எண் இவ்வளவு முக்கியமானது 2009-க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் வன்னாமெய் இறால் வளர்க்க இந்தியாவில் அனுமதி கிடைத்தது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் விதிப்படி சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் வரை விடலாம். டைகர் இறால் காலத்து அடர்த்தியைப் பார்த்தவர்களுக்கு இது வேறு தொழில். பகலில் பாசி ஆக்சிஜன் தருகிறது. இரவில் பாசி, இறால், அடிச்சேறு மூன்றும் சேர்ந்து அதைத் தின்கின்றன. விடிவதற்குச் சற்று முன்னால் கணக்கு அடிமட்டத்துக்கு வரும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தூங்கலாம். 3-க்குக் கீழே இறால் தீவனத்தைத் தொடாது. 2-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால், அந்தப் பட்டத்தின் முதல் போனது போனதுதான். அதனால்தான் இரவெல்லாம் துடுப்புச் சக்கர ஏரேட்டர்கள் சுற்றுகின்றன. கைமீட்டரும் டார்ச்சுமாக ஒருவர் கரையில் நடக்கிறார்.

கைமீட்டருக்குப் பதிலாகத் தண்ணீரிலேயே நிலையாக ஒரு சென்சாரைப் போட்டு, அதன் சொல்படி ஏரேட்டர்களைக் கூட்டிக் குறைக்கலாம் என்று நினைப்பவரிடம் பேனல் செய்பவர் கேட்கும் முதல் கேள்வி, “அவுட்புட் என்ன வேணும்ணே, ஜீரோ டென்னா, ஃபோர் ட்வென்ட்டியா?” சென்சாரின் முனையில் பிறப்பது கச்சாவான சிறு சமிக்ஞை. அதைப் பெருக்கி, வெப்பநிலைக்கும் உப்புக்கும் திருத்தி, வெளியே அனுப்பும் வடிவத்துக்குக் கொண்டுவருவது சிக்னல் கண்டிஷனரின் வேலை. 0 முதல் 10 வோல்ட் வரை ஒரு வடிவம், 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை இன்னொன்று. அண்ணனுக்கு என்ன தெரியும்? “நல்லதா எது இருக்கோ அதப் போடு” என்பார். பேனல்காரர் கையில் இருப்பதைப் போடுவார்.

படித்தவர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: தூரம் அதிகமென்றால் கரண்ட், குறைவென்றால் வோல்டேஜ். காரணம், நீள வயரின் தடையில் வோல்டேஜ் இறங்கிவிடும், கரண்ட் இறங்காது. பாடப்புத்தகத்திலும் விற்பனைத் தாளிலும் இதையே படிக்கிறோம். முடிவு பெரும்பாலும் சரி, சொல்லும் காரணம் ஏறக்குறைய வெற்று. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குட்டையிலிருந்து மோட்டார் ரூமுக்கு 300 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், கிலோமீட்டருக்குச் சுமார் 39 ஓம். போக வர 600 மீட்டர் என்றால் 23.4 ஓம். வாங்கும் பக்கத்தில் கண்ட்ரோலரின் உள்தடை, மலிவான சரக்காகவே வைத்துக்கொண்டாலும், 10,000 ஓம் இருக்கும். பிழை 0.23 சதவீதம். 3 மில்லிகிராம் என்பது 2.99 என்று வரும். டிஓ சென்சாரின் சொந்தப் பிழையே இதைவிடப் பல மடங்கு. இந்தக் காரணத்துக்காக மட்டும் ஒருவர் வோல்டேஜைத் தள்ளினால் அது வீண்பழி.

போகட்டும், கடற்கரை இது. டெர்மினல் துருப்பிடித்து 500 ஓம் தடை ஏறிவிட்டது என்போம். அப்போதும் வோல்டேஜ் வாசிப்பு 5 சதவீதத்துக்குள்தான் குறையும். 3 என்பது 2.85 அருகே வரும். குறைவாகக் காட்டினால் ஏரேட்டர் கொஞ்சம் கூடுதலாக ஓடும், கரண்ட் பில் கூடும். இறால் சாகாது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் அளவுகோல் இருக்கிறது. எந்த முறையில் பிழை குறைவு என்பது ஆய்வுக்கூடத்துக் கேள்வி. கட்டுமாவடிக் கரையில், ஐப்பசி மழையில், ஆறு மாதமாக யாரும் திறந்து பார்க்காத பெட்டிக்குள், பிழை வரத்தான் போகிறது. அது எந்தத் திசையில் வரும் என்பதே இங்கே கேள்வி. டிஓவைக் குறைத்துக் காட்டும் பொய் பணத்தைத் தின்னும். கூட்டிக் காட்டும் பொய் குட்டையையே தின்னும். ஒவ்வொரு வயரிங்கையும் இந்த ஒரு தராசில்தான் நிறுக்கிறேன்.

முதலில் வோல்டேஜ். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 0–10 வோல்ட் சென்சார்களில் பல மூன்று வயர் கொண்டவை. ஒன்றில் 24 வோல்ட் சப்ளை, ஒன்றில் சமிக்ஞை, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வயர். வம்பு அந்தப் பொது வயரில். சென்சார் தன் பிழைப்புக்கு 50 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். அந்த 50-உம் பொது வயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். 300 மீட்டருக்கு 11.7 ஓம்; அங்கே 0.58 வோல்ட் விழுகிறது. அதாவது சென்சாரின் ‘பூஜ்யம்’ பேனலின் பூஜ்யத்தைவிட 0.58 வோல்ட் மேலே உட்கார்ந்திருக்கிறது. 10 வோல்ட்டுக்கு 20 மில்லிகிராம் என்று அளவு வைத்திருந்தால், வாசிப்பில் 1.2 மில்லிகிராம் சும்மாவே கூடுகிறது. தண்ணீரில் 3, பேனலில் 4.2. அண்ணன் தூங்கப் போகலாம் என்கிறது பேனல்.

பொருத்தும் நாளில் கைமீட்டரோடு ஒப்பிட்டு இதைச் சரிசெய்துவிடலாம் என்பார்கள். செய்யலாம். ஆனால் துரு வளரும். பொது வயரின் டெர்மினலில் 20 ஓம் ஏறினால் போதும், மேலும் ஒரு வோல்ட், மேலும் 2 மில்லிகிராம். அதே துரு சமிக்ஞை வயரில் 500 ஓம் ஏறினாலும் பயமில்லை என்று மேலே பார்த்தோம். பொது வயரில் 20 ஓம் கொல்கிறது. பாடப்புத்தகம் பயமுறுத்தும் வோல்டேஜ் இறக்கம் நிஜமாகவே நடக்கிறது. அது நடப்பது சமிக்ஞையின் கரண்டால் அல்ல, சப்ளை கரண்டால். இதைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பதால், 40 மீட்டர்தானே என்று மூன்று வயர் வோல்டேஜைப் போடுகிறவர் துருவிடம் மாட்டுகிறார்.

அடுத்தது எர்த். சென்சாரின் உலோக உடம்பு உப்புத்தண்ணீரில் இருக்கிறது. அதே தண்ணீரில் ஏரேட்டர் மோட்டார்கள். ஒரு மோட்டாரின் வைண்டிங்கில் ஈரம் ஏறினால் தண்ணீரும் மோட்டார் ரூம் எர்த்தும் ஒரே மட்டத்தில் நிற்காது. பிரிப்பு இல்லாத 0–10 வோல்ட் அவுட்புட்டில் அந்த வித்தியாசம் அப்படியே வாசிப்பில் ஏறும். அரை வோல்ட் என்றால் ஒரு மில்லிகிராம். மேலா கீழா என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ் வைத்து ஏரேட்டரை ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு சமிக்ஞை வயரும் ஒரே பைப்பில் போனால், வாசிப்பு நடுங்கும். 10,000 ஓம் உள்ள வோல்டேஜ் வாயில் அந்த இரைச்சல் உரக்கக் கேட்கும். 250 ஓம் உள்ள கரண்ட் வாயில் முணுமுணுப்பாக அடங்கும். கரண்டின் பக்கம் உள்ள வலுவான வாதங்களில் இது ஒன்று.

இப்போது கரண்டைக் கூண்டில் ஏற்றுவோம். இதன் குலம் பெரியது. காற்றழுத்தத்தில் சமிக்ஞை அனுப்பிய காலத்தில் 3 முதல் 15 பிஎஸ்ஐ. பூஜ்யத்துக்கும் 3 கொடுத்தார்கள், குழாய் அறுந்ததும் பூஜ்யமும் வேறுவேறாகத் தெரிய வேண்டுமென்று. மின்சாரத்துக்கு மாறியபோது சில காலம் 10–50 மில்லி ஆம்பியரும் ஓடியது. 1970-களில் அமெரிக்கக் கருவியியல் சங்கத்தின் தரம் 4–20 என்று நிலைநிறுத்தியது. 3-க்கு 15, 4-க்கு 20, இரண்டும் ஒன்றுக்கு ஐந்து. அதை 250 ஓம் வழியே விட்டால் 1 முதல் 5 வோல்ட்; அதுவும் ஒன்றுக்கு ஐந்து. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 60381 என்ற எண்ணில் இரண்டு பாகம் வெளியிட்டது: கரண்டுக்கு ஒன்று, வோல்டேஜுக்கு ஒன்று. அதாவது உலகத் தரம் வோல்டேஜைத் தள்ளிவைக்கவில்லை. தள்ளிவைத்தது ஆலைகளின் அனுபவம்.

4–20-இன் மிகப் பிரபலமான உருவம் இரண்டு வயர். சப்ளையும் சமிக்ஞையும் ஒரே ஜோடியில் போகின்றன. டிரான்ஸ்மிட்டர் 4 மில்லி ஆம்பியருக்குள் தன் வயிற்றைக் கழுவிக்கொண்டு, மேலே உள்ளதை வாசிப்பாக ஆக்குகிறது. வயர் மிச்சம், பொது வயர்த் தொல்லை கிடையாது, துருவுக்கும் மசியாது. எவ்வளவு மசியாது என்று பாருங்கள். 24 வோல்ட் சப்ளையில் டிரான்ஸ்மிட்டருக்கு 12 போனால் மீதி 12. லோடு 250 ஓம், வயர் 23, டெர்மினல் துரு 500. அதிகபட்சம் ஓடக்கூடியது 15.5 மில்லி ஆம்பியர். 20 மில்லி ஆம்பியருக்கு அதே 20 மில்லிகிராம் என்று அளவு வைத்தால், டிஓவில் அது 14.4 மில்லிகிராம். அதற்கு மேலேதான் வாசிப்பு முட்டி நிற்கும். விடியற்காலை 3-உம் 4-உம் அச்சுப் பிசகாமல் வரும். ஆபத்து கீழ்முனையில் இருக்கிற தொழிலுக்குக் கீழ்முனையில் தவறாத கருவி. இந்தப் பொருத்தம் தற்செயல்தான் என்றாலும் நமக்கு லாபம். ஒரு கொதிகலன் அழுத்தத்துக்கு இதே துரு எமனாகும். அங்கே ஆபத்து மேல்முனையில்.

இதோடு நிறுத்தினால் தீர்ப்பு சுலபம். ஆனால் கடற்கரையின் நோய் துரு மட்டுமல்ல, ஈரமும்தான். குட்டைக் கரையில் கம்பத்தில் கட்டிய ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றைத் திறந்து பாருங்கள். மூடியின் ரப்பர் ஒரு மூலையில் மடங்கியிருக்கும். கிளாண்ட் ஒன்று கேபிளைவிடப் பெரிது, இடைவெளிக்குத் துணி அடைத்திருப்பார்கள். உள்ளே எறும்புக்கூடு. டெர்மினல் வரிசையின் மேல் வெள்ளையாக உப்புப் பொருக்கு, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு மட்டும் பச்சை பூத்து அரிக்கப்பட்டிருக்கும். நெகட்டிவ் பக்கம் அவ்வளவு மோசமில்லை. அந்த ஏற்றத்தாழ்வே சாட்சி: பொருக்கின் வழியாக ஒரு டெர்மினலிலிருந்து பக்கத்து டெர்மினலுக்கு டிசி கரண்ட் கசிந்துகொண்டிருக்கிறது. பகலில் காய்ந்து நிற்கும்; இரவில் பனியும் காற்றின் ஈரமும் பட்டால் கடத்தும். அதாவது டிஓ இறங்கும் நேரத்தில்தான் கசிவு ஏறும்.

அந்தக் கசிவு 10,000 ஓம் என்று வைத்துக்கொண்டு இரண்டு வயர் 4–20-ஐ மறுபடி நிறுப்போம். தண்ணீரில் 3 மில்லிகிராம். டிரான்ஸ்மிட்டர் இழுப்பது 6.4 மில்லி ஆம்பியர். பெட்டியின் இரு டெர்மினலுக்கும் இடையே ஏறத்தாழ 22 வோல்ட் நிற்கிறது. கசிவு 2.2 மில்லி ஆம்பியர். பேனலுக்கு எது டிரான்ஸ்மிட்டர் கரண்ட், எது கசிவுக் கரண்ட் என்று பேதம் தெரியாது, 8.6 என்று படித்து 5.7 மில்லிகிராம் என்று காட்டும். மூச்சுத் திணறும் குட்டைக்கு நற்சான்றிதழ். சென்சார் பழுது என்றால் எச்சரிக்கை வரும், வயர் அறுந்தால் எச்சரிக்கை வரும். இதற்கு எதுவும் வராது, எண் நியாயமான எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒரே ஒரு துப்பு உண்டு. 30 டிகிரி வெப்பத்தில், கடல்நீருக்குச் சற்றுக் குறைந்த உப்பில், தண்ணீர் காற்றிலிருந்து பிடித்துவைக்கக்கூடியதே 6.4 மில்லிகிராம் அளவுதான். நெருக்கி விட்ட குட்டை விடியற்காலையில் 5.7 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், கைமீட்டரை எடுங்கள்.

இதே கசிவில் வோல்டேஜ் அவுட்புட் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதன் ஊற்றுத்தடை மிகக் குறைவு. பக்கவாட்டில் 10,000 ஓம் குறுக்கே விழுந்தால் அந்தக் கசிவையும் தானே கொடுத்துவிட்டு வோல்டேஜை விடாமல் பிடித்திருக்கும். ஈரத்துக்கு எதிராக வோல்டேஜ், துருவுக்கு எதிராகக் கரண்ட். தூரத்துக்குக் கரண்ட் என்று ஒப்பிப்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை. உள்நாட்டில், காய்ந்த ஆலைக்குள், இது அற்ப விஷயமாக இருக்கலாம். பாக் நீரிணைக் காற்று அடிக்கும் இடத்தில் அப்படி இல்லை.

மூன்றாவது ஓர் ஏற்பாடு உண்டு. நான்கு வயர்: சப்ளைக்குத் தனி ஜோடி, 4–20 சமிக்ஞைக்குத் தனி ஜோடி, இரண்டுக்கும் இடையே கண்டிஷனருக்குள் மின்பிரிப்பு. ஒளிமுறை டிஓ சென்சார்களின் டிரான்ஸ்மிட்டர்களில் பல எப்படியும் தனி சப்ளை கேட்பவை என்பதால் இது ஆடம்பரம் அல்ல. இதில் சமிக்ஞை ஜோடியின் குறுக்கே நிற்பது 22 வோல்ட் அல்ல, 6.4 மில்லி ஆம்பியர், 250 ஓம், சேர்த்து 1.6 வோல்ட்தான். அதே 10,000 ஓம் கசிவு இப்போது வாசிப்பைக் கூட்டாது, கொஞ்சம் திருடும்: 6.4 என்பது 6.24 ஆகும், 3 மில்லிகிராம் 2.8 என்று வரும். சிறு பிழை, அதுவும் பில் கூடும் பக்கம். துருவுக்கும் அசராது. சப்ளை கரண்ட் தன் ஜோடியிலேயே திரும்புவதால் பூஜ்யம் நகராது. தண்ணீருக்கும் எர்த்துக்கும் உள்ள வித்தியாசத்தை மின்பிரிப்பு பார்த்துக்கொள்ளும்.

ஓட்டை இல்லாமல் இல்லை. சப்ளையின் 24 வோல்ட் டெர்மினலும் சமிக்ஞையின் பாசிட்டிவ் டெர்மினலும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஈரம் அவற்றுக்கிடையே பாலம் போடும். பேனலில் சப்ளையின் மைனஸும் அனலாக் இன்புட்டின் மைனஸும் ஒன்றாகக் கட்டியிருந்தால் (பெரும்பாலும் கட்டியிருப்பார்கள்), அந்தக் கசிவுக்குத் திரும்பும் வழி கிடைத்துவிடும், பழைய 2.2 மில்லி ஆம்பியர் மறுபடி வந்து உட்காரும். மருந்து எளியது. இரண்டு ஜோடியையும் தனித்தனிக் கேபிளில், தனித்தனிப் பெட்டியில் கொண்டுவருவது. முடியாவிட்டால் நடுவில் எர்த் செய்த டெர்மினல் ஒன்றை வைப்பது. பெட்டியே இல்லாமல் சென்சார் கேபிளை முழு நீளத்துக்கு வாங்கி நேராகப் பேனலுக்குக் கொண்டுவர முடிந்தால் அதுவே உத்தமம். அப்படிச் செய்தால் இரண்டு வயர் ஏற்பாட்டைக்கூட மன்னித்துவிடலாம்.

வயர் அறுவதைப் பற்றி எல்லோரும் சொல்வதை நானும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. 4–20-இல் வயர் அறுந்தால் 0, தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் 4, குழப்பமில்லை. 0–10-இல் இரண்டும் பூஜ்யம். ஆனால் நம் தராசுப்படி பூஜ்யம் பாதுகாப்பான பொய்தானே, எல்லா ஏரேட்டரும் ஓடும், என்ன நஷ்டம்? நஷ்டம் மனிதர்களிடத்தில். வயர் ஆடும்போதெல்லாம் நடு ராத்திரியில் சைரன் அலறினால், காவலுக்கு இருப்பவர் ஒரு வாரம் பொறுப்பார். பிறகு, “அண்ணே, சும்மா சும்மா அடிச்சுது, பிடுங்கி வச்சுட்டேன்” என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வயர்ப் பழுதுக்கு ஒரு மஞ்சள் விளக்கு, டிஓ குறைவுக்கு மட்டும் சைரன் என்று பிரிக்க முடிவதே நாலில் தொடங்குவதன் பயன். நாமுர் அமைப்பின் என்இ 43 பரிந்துரை இதற்கு எல்லைகளும் தருகிறது: 3.8 முதல் 20.5 வரை வாசிப்பு; 3.6-க்குக் கீழும் 21-க்கு மேலும் பழுது. சென்சார் தன் பழுதைக் கீழே சொல்லட்டுமா, மேலே சொல்லட்டுமா என்று டிரான்ஸ்மிட்டரில் ஒரு தேர்வு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கீழே வையுங்கள். மேலே வைத்தால், பழுதான சென்சாரைச் சாதாரணக் கண்ட்ரோலர் ஒன்று 20 மில்லிகிராம் என்று படித்து ஏரேட்டரை நிறுத்தும்.

வோல்டேஜ் பக்கம் இன்னும் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன, இரண்டும் பராமரிப்பு சம்பந்தப்பட்டவை. வோல்டேஜை மல்டிமீட்டர் வைத்து யாரும் தொட்டுப் பார்க்கலாம். கரண்டைப் பார்க்க வயரைக் கழற்றி மீட்டரை நடுவில் செருக வேண்டும். கழற்றிய கணம் பேனலில் பழுது விளக்கு எரியும். பார்த்து முடித்து, மீட்டரின் பின்னை மில்லி ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டுவிட்டு அடுத்து 24 வோல்ட் சப்ளையைத் தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போகும். இந்த ஃபியூஸ் போகாத டூல் பை தமிழ்நாட்டில் அபூர்வம். இரண்டாவது: ஒரே வாசிப்பை டிஸ்பிளே, ரெக்கார்டர், டிரைவ் மூன்றுக்கும் கொடுக்க வேண்டுமென்றால் கரண்டைத் தொடராகக் கோக்க வேண்டும். ஒன்றைச் சர்வீசுக்குக் கழற்றினால் மூன்றும் செத்துவிடும். வோல்டேஜைப் பக்கவாட்டில் பங்கு பிரிக்கலாம். ஒன்று போனாலும் மற்றவை இருக்கும்.

இரண்டுக்கும் பதில் ஒன்றே. கரண்டைப் பேனலின் வாசல் வரை கொண்டுவந்து, அங்கே டெர்மினலிலேயே நல்ல தரமான 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். அதற்கப்புறம் பேனலுக்குள் ஓடுவது 1–5 வோல்ட். எதைக் கழற்றினாலும் லூப் அறாது. ரெசிஸ்டரின் இருமுனையைத் தொட்டால் மல்டிமீட்டர் வோல்ட்டிலேயே வாசிப்பைச் சொல்லும். 1.6 என்றால் 3 மில்லிகிராம். 1-க்குக் கீழே போனால் வயரைத் தேடு. இந்த மாதிரி ஒரு சின்னச் சீட்டைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பது ஆயிரம் பக்க மானுவலைவிட உபயோகம்.

எனவே தீர்ப்பு. குட்டைக் கரையிலிருந்து மோட்டார் ரூம் வரை, தூரம் 30 மீட்டரோ 300 மீட்டரோ, மின்பிரிப்புள்ள நான்கு வயர் 4–20. பேனலுக்குள் வோல்டேஜ். மூன்று வயர் 0–10-ஐ வெளியே ஓடவிடக் கூடாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். 0–20 மில்லி ஆம்பியர் என்று ஒரு தேர்வு சில கண்டிஷனர்களில் இருக்கும். கரண்டின் தொல்லை முழுவதும் அதில் உண்டு, நாலின் பயன் மட்டும் இல்லை. இரண்டு வயர் 4–20-க்கு என் மதிப்பெண், பொதுவாகப் பொறியாளர்கள் கொடுப்பதைவிடக் குறைவு. காரணம் அந்த 5.7. வெட்டில்லாத கேபிள் கிடைத்தால் மட்டும் அதை ஏற்பேன்.

மின்பிரிப்பையும் 4–20-ஐயும் எதிரெதிரே நிறுத்தி, பட்ஜெட்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால்? மின்பிரிப்பை எடுங்கள். பிரிப்பில்லாத நான்கு வயர் கரண்ட், இரண்டு பக்கமும் எர்த்தைத் தொட்டால், வோல்டேஜ் படும் பாட்டில் பாதியாவது படும். கரண்ட் என்ற பெயரே காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை கொட்டேஷன்களில் அதிகம் தென்படுகிறது. 24 வோல்ட் சப்ளைக்குப் பேட்டரி தாங்கல் இருக்கிறதா என்றும் அதே கொட்டேஷனில் பாருங்கள். மின்வாரியக் கரண்ட் போனதும் ஏரேட்டர் நிற்கும். அந்த நேரத்தில் டிஓ சொல்ல வேண்டிய லூப்பும் சேர்ந்து நின்றால், எந்த அவுட்புட் என்ற இந்த வாதமெல்லாம் வெட்டி.

ஆர்எஸ்-485 வழியாக எண்ணையே எண்ணாக அனுப்பும் சென்சார்கள் வந்துவிட்டனவே, இந்தப் பழைய சண்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம். எண்ணாகப் போவது கசிவால் 3-இலிருந்து 5.7 ஆக மாறாது. கெட்டால் முழுதாகக் கெடும், வாசிப்பு நின்றுவிடும், நின்றது தெரியும். நாலைந்து குட்டைகளை ஒரே கேபிளில் கோத்துக் கணினியில் பார்க்கும் பண்ணைக்கு நான் அதையே சொல்வேன். ஒரு குட்டை, ஒரு டிரைவ், ஒரு சைரன் என்ற அளவில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரை நள்ளிரவில் அறந்தாங்கியிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும். 1.6 வோல்ட்டைப் படிக்க உள்ளூர் எலக்ட்ரீஷியன் போதும்.

இதே கரையில் தீர்ப்பு தலைகீழாகும் இடமும் உண்டு: ஐஸ் பிளாண்ட். உப்புநீர்த் தொட்டியின் குளிரைப் பார்ப்பது பிடி-100 என்ற வெப்பநிலை சென்சார். அதன் மூன்று வயர் நேராகப் பேனலுக்கு வருகிறது. கண்டிஷனர் பேனலுக்குள்ளேயே ரயிலில் மாட்டியிருக்கிறது. அதன் அவுட்புட் போக வேண்டிய கண்ட்ரோலர் அரை மீட்டர் தள்ளி, அதே சப்ளையில், அதே எர்த்தில். பொது வயரில் விழ வோல்டேஜ் இல்லை, நனையப் பெட்டி இல்லை. டிரைவ் இருந்தால் ஷீல்டு வயரை ஒரு முனையில் எர்த் செய்தால் போதும். அங்கே 4–20 கேட்டு, அதற்கு லோடு ரெசிஸ்டரும் தேடிக்கொண்டிருப்பது வீண். 0–10 வோல்ட் எடுத்து, மிச்சப்படும் காசுக்கு நல்ல கிளாண்டுகள் வாங்கலாம்.